ஒன்றில் நின்ற குமிழ்

அப்பாவின் சட்டைக் கைப்பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது அவளுக்கு மிளகு வாசம் அடித்தது. குனிந்து பார்த்தாள். வலது கை நகக்கண்களில் கொழுப்பு வெள்ளையாக உறைந்திருந்தது.

"தம்பி, இங்க பாரு."

தலைமாட்டில் நின்று அப்பாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்த தம்பி எட்டிப் பார்த்தான். "நாப்பது வருஷம் இறைச்சிக்கடையில நின்ன கை. இருக்காதா?"

"கடைய விட்டு ஆறு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் குளிக்கவே இல்லையா?"

அவள் பள்ளி ஆசிரியை. தேர்வறையில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கமாட்டாள், கையைத்தான் பார்ப்பாள். அப்படியே எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறாள். அப்பா அவளுக்கு வைத்திருந்த பெயர் இன்ஸ்பெக்டர். விடிந்ததும் தொலைபேசியில் அப்பாவின் இரண்டாவது மனைவி சொன்னது வார்த்தை பிசகாமல் அவள் காதில் இருந்தது. 'தூக்கத்துலயே போயிட்டார். படுத்தவர் எழுந்திருக்கல.'

தூங்குகிற மனிதனுக்குக் கையில் மிளகு எங்கிருந்து வரும்?

அந்த அம்மாளை அவள் ஒருநாளும் சித்தி என்று கூப்பிட்டதில்லை. போன வருடம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து பிழைத்தபோது, உப்பிட்ட இறைச்சி வாயில் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பா ஓய்வு பெற்றபோது இவளே ஆசையாக வாங்கிக் கொடுத்த இறைச்சி சீவும் மின்சார மெஷினை இவளே பரணில் ஏற்றச் சொன்னாள். அது கனமான சாமான், அவர் தொடவே கூடாது என்று சொல்லி, ஒவ்வொரு ஞாயிறும் போனில் விசாரிப்பாள். 'மேலதான்மா இருக்கு' என்று அந்த அம்மாள் சொல்வாள். இன்று காலை தண்ணீர் கொடுத்த அந்த அம்மாளின் இடது கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. என்ன என்று கேட்டதற்கு, "கதவுல நசுங்கிடுச்சு" என்று சொல்லிவிட்டு விருட்டென்று போய்விட்டாள்.

"நாலு மணிக்கு வர்ற அமரர் வண்டிய நிறுத்தி வை" என்றாள் தம்பியிடம். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அறுத்துப் பாக்கச் சொல்லுவோம்."

தம்பியின் கையில் சீப்பு நின்றது. "அப்பாவையா? காலம்பூரா அவர் அறுத்தது போதாதாக்கா?"

"நான் போய்க் கேட்டுட்டு வரேன். அதுவரைக்கும் யாருக்கும் பதில் சொல்லாத."

சமையலறையில் யாரும் இல்லை. மேடை மூலையில் துண்டு போட்டு மூடியிருந்ததை விலக்கினாள். மெஷின்தான். தட்டு அகலத்துக்கு வட்டக் கத்தி, பக்கத்தில் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை எண் போட்ட குமிழ். எண் ஏற ஏறத் துண்டு தடிக்கும். பூஜ்யத்தில் வைத்தால் பக்கத்துத் தகடு நெருங்கி வந்து கத்தியின் கூர்விளிம்பை மறைத்துக்கொள்ளும். வேலை முடிந்தால் அப்பா முதலில் அதைத்தான் செய்வார். வீடு தீப்பற்றினாலும் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டுத்தான் ஓடுவார் என்று அம்மா இருந்த காலத்தில் கேலி செய்வாள்.

இப்போது குமிழ் ஒன்றில் இருந்தது. தகட்டின் விளிம்பில் காய்ந்த ரத்தம்.

அப்படியானால் கடைசியாக இதைத் தொட்டது அப்பா இல்லை. அவர் கேட்டதையெல்லாம் சீவிச் சீவிக் கொடுத்தே அந்த அம்மாள் மனிதனை அனுப்பிவிட்டாள். குளிர்பெட்டியைத் திறந்தாள். மிளகு புரட்டி வேகவைத்த இறைச்சிக் கட்டி ஒன்று இருந்தது. அதன் வெட்டுமுகத்தில் ஒரு சீவல் பாதி அறுபட்டு, மீதி கட்டியோடு ஒட்டித் தொங்கியது.

பின்னால் காலடி கேட்டது.

"பரண்லதான் இருக்குன்னு சொன்னீங்க" என்றாள் திரும்பாமலே.

ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது.

"கதவுல நசுங்கின விரல் தகட்டுல எப்படி ரத்தம் விடும்? முழுப் பூசணிக்காய எத்தன நாள் சோத்துல மறைப்பீங்க?"

"துடைக்கும்போது வெட்டிடுச்சு." அந்த அம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அவர் எப்பவும் பூஜ்யத்துல வெச்சிருப்பார்னு நெனச்சு, துணியப் போட்டு அழுத்தித் துடைச்சிட்டேன். இன்னிக்கு வைக்கல. வைக்க நேரம் இல்ல."

அவள் திரும்பினாள்.

"கடைப் பழக்கம், நாலரைக்கே எழுந்துட்டார். இங்கதான் நின்னார். மெஷின் ஓடிட்டே இருக்கு, திடீர்னு சுவத்தப் புடிச்சார். ஸ்விட்ச நான்தான் அணைச்சேன். பக்கத்து வீட்டுக்காரரும் நானுமா தூக்கிக் கட்டில்ல போட்டோம். டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். உன்கிட்டதான் சொல்லல."

"ஏன்?"

"'இன்ஸ்பெக்டருக்குத் தெரிஞ்சா உன்னத் தொலைச்சிடுவா, நான் பாத்துக்கறேன்'னு சொல்லித்தான் இறக்கச் சொன்னார். நாளைக்கு நீ வரேன்னியே. அவர் வாயில ஒரு துண்டு வைக்கல. மேல்தட்டுல பொட்டலம் இருக்கு, பாரு."

காகிதப் பொட்டலத்தைப் பிரித்தாள். ஒவ்வொரு சீவலுக்கும் நடுவில் ஒரு தாள், தாளின் ஓரம் மடித்து. சின்ன வயதில் அவள் கடையில் நின்று அடம்பிடித்த நாட்களில் அப்பா ஒன்றாம் எண்ணில் இப்படித்தான் சீவிக் கொடுப்பார். அதை ஜன்னலுக்கு நேரே பிடித்தால் தெருவில் போகிறவர்கள் தெரிவார்கள். அதற்குப் பிறகுதான் அவள் தின்பாள். அவளுக்கே மறந்துபோயிருந்தது.

பொட்டலத்தில் பதினோரு சீவல் இருந்தது.

"ஸ்டூல் போட்டு ஏறி நான்தான் இறக்கிக் குடுத்தேன்" என்றாள் அந்த அம்மாள். "நான் இறக்காம இருந்திருந்தா..."

வாசலில் வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. தம்பி சமையலறை வாசலுக்கு வந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "என்னக்கா சொல்ல?"

"உள்ள வரச் சொல்லு."

அவன் போனான். அவள் பொட்டலத்தை முன்போலவே மடித்தாள். மடிப்பு சரியாக வரவில்லை. இன்னொரு முறை மடித்து உள்ளே வைத்தாள்.

"நீங்க இறக்கலன்னா அவரே ஸ்டூல்ல ஏறியிருப்பார்" என்றாள். "விரலக் காட்டுங்க சித்தி."

துணி ஊறிப்போயிருந்தது. அலமாரியில் சுத்தமான துணி தேடிக் கிழித்து, காயத்தைக் கழுவி, இறுக்கிக் கட்டினாள். பிறகு துண்டை எடுத்து மெஷினை மூடினாள். குமிழைத் தொடவில்லை.