அர்ச்சுனன் வீட்டு அதிரும் சோபா

மனைவி மங்களம் இறந்துபோன பிறகு அர்ச்சுனனுக்கு ஒரே ஓர் ஆசைதான் மிச்சம். மகள் தினேஸ்வரி தன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு படத்தை முழுசாகப் பார்த்துவிட்டுப் போகவேண்டும். பெரிய ஆசையா அது? ஆனாலும் நடக்கவில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை தான் குடியிருக்கும் லூமுட்டிலிருந்து புந்தோங்கில் இருக்கும் அப்பா வீட்டுக்கு வருவாள். படம் போட்ட பத்தாவது நிமிஷம் கைப்பையைத் தூக்கிவிடுவாள்.

"அப்பா, காது கிழியுதுலா. கொஞ்சம் கொறைங்க."

குறைத்தால் அவருக்குப் படம் ஊமையாகிவிடும். முப்பது வருஷம் கல்குவாரியில் பாறைக்கு வெடி வைத்தவரின் காது வேறு எப்படி இருக்கும்? அதை மட்டும் அவரிடம் யாரும் சொல்லிவிடக் கூடாது. "இப்ப வர்ற படத்துல சத்தமே இல்ல" என்பார். டாக்டர் கொடுத்த காது மெஷின் மேசை டிராயரில் டப்பா பிரிக்காமல் தூங்கியது. பக்கத்து வீட்டுத் தேவன் வாரம் தவறாமல் வேலியோரம் நின்று கத்திவிட்டுப் போவார்.

ஈப்போவில் ஸ்பீக்கர் விற்கும் கடை முதலாளி, அந்தச் சீனத் தவுக்கே, ஒரு வழி சொன்னார். சோபாவுக்கு அடியில் ஷேக்கர் என்கிற அதிர்வுக் கருவியை மாட்டிவிட்டால் சத்தத்தைக் குறைத்தாலும் ஒவ்வோர் அடியும் உடம்பில் தெரியுமாம். அர்ச்சுனன் கப்பென்று பிடித்துக்கொண்டார். உள்ளங்கை அகலத்தில் இரண்டு ஷேக்கர் வட்டுகள் வாங்கினார். தனக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று.

ஞாயிறு முழுக்க சோபாவைக் கவிழ்த்துப் போட்டு, சட்டத்தில் திருகி முடுக்கினார். ஸ்பீக்கரை ஓட்டும் பழைய ஆம்ப்பை முன்னால் இழுக்க இடைஞ்சலாக இருந்த ஸ்பீக்கர் வயர்கள் இரண்டையும் கழற்றினார். கழற்றிய வயரின் நுனியை வெறுமனே விடக் கூடாது என்பது குவாரியில் படிந்த பழக்கம். கறுப்பு டேப்பை நன்றாகச் சுற்றி அலமாரிக்குப் பின்னால் ஒதுக்கினார். தவுக்கே தந்த இன்னொரு சின்ன ஆம்ப்பில் ஷேக்கர் வயரைச் சொருகினார்.

அன்று ராத்திரி சத்தத்தைக் குறைத்துவைத்துப் போட்ட படத்தில் லாரி ஒன்று கவிழ்ந்தது. சோபா குலுங்கிய குலுங்கலில் அந்த அதிர்வு தொடை வழியாக நெஞ்சுக்கு ஏறியது. வசனத்தைத் திரைக்குக் கீழே ஓடிய மலாய் எழுத்து சொல்லிக்கொண்டே போனது. மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வாரம் தினமும் பார்த்தார். தேவன் வேலிப் பக்கமே வரவில்லை. எல்லாம் ஷேக்கர் செய்த வேலை என்று அர்ச்சுனன் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார்.

அந்த மாதச் சனிக்கிழமை மத்தியானம் வந்த தினேஸ்வரியை அவளுடைய இடத்தில் உட்காரவைத்துப் படத்தைப் போட்டார். சற்று நேரத்தில் அவள் ஸ்பீக்கரைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"என்னாமா, சத்தம் ஜாஸ்தியா?"

அவள் அவர் முகத்துக்கு நேராகத் திரும்பி, "இல்லப்பா. இப்ப சரியா இருக்கு" என்றாள்.

கைப்பை தரையிலேயே கிடந்தது. அவர் சிரித்தபோது அவளும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக. கார் துரத்தலில் சோபா அதிர்ந்தபோது அவர் கையைப் பிடித்தவள், படம் முடியும்வரை விடவில்லை. பயந்துவிட்டாள் போல என்று அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

அவள் கார் ஏறிப் போனதும் மழை வந்தது. மின்னல் வெட்டவே, பிளக்கைப் பிடுங்க அலமாரிக்குப் பின்னால் குனிந்தார். ஸ்பீக்கர் வயர்கள் இரண்டும், அவர் சுற்றிய டேப்போடு, அவர் ஒதுக்கிய இடத்திலேயே கிடந்தன.

அர்ச்சுனன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மூன்று வாரமாக இந்த வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அது அவருக்குத் தெரியவில்லை. மகளுக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டரை மணி நேரம் சத்தமே இல்லாத படத்தை அவள் பார்த்திருக்கிறாள்.

'ஸ்பீக்கரே ஓடலயே, ஏம்மா சொல்லல?' என்று போனில் எழுதி அனுப்பினார்.

அவள் லூமுட் போய்ச் சேர்ந்த பிறகுதான் பதில் வந்தது. 'நீங்க சிரிச்சிக்கிட்டு இருந்தீங்கப்பா.'

இரண்டு தரம் படித்தார். பிறகு எழுந்து டிராயரைத் திறந்து, டப்பாவைப் பிரித்து, மெஷினைக் காதில் மாட்டினார். தகரக் கூரை தலைக்கு மேல் படபடவென்று அடித்தது. திடுக்கிட்டுப் போய், "மங்களம், மழை!" என்றார். சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. அதற்குப் பதில் சொல்ல வீட்டில் ஒரு குரலும் இல்லாததும் கேட்டது.

போனை எடுத்து மகளுக்கு எழுதினார்.

'இங்க மழை பெய்யுது. கேக்குது.'