முதல் சாப்பிடுங்கோ

நாற்பத்தேழு சப்பாத்துகளையும் சோடி சேர்த்துச் சுவரோரமாக அடுக்கி முடித்து, தன்னுடையதையும் கழற்றி வரிசையின் கடைசியில் வைத்துவிட்டு, யேசுரட்ணம் இடுப்பைப் பிடித்தபடி நிமிர்ந்தபோதுதான் ஹோட்டலின் வரவேற்பு மேசைப் பெண் ஓடிவந்து தலையில் கைவைத்தாள்.

அவர்மேலும் முழுப்பிழை சொல்ல முடியாது. வாசலுக்குள் கால் வைத்ததும் ஆண், பெண், குழந்தைச் சப்பாத்துகள் தாறுமாறாகக் கிடந்தால் ஒரு மன்னார்க்காரன் என்ன நினைப்பான்? உள்ளே செபக்கூட்டம் நடக்கிறது என்றுதான் நினைப்பான். யேசுரட்ணம் அதற்கும் ஒருபடி மேலே போகிற ஆள். டென்மார்க்கின் ஸ்கீவ நகரில் எந்த வீட்டுக் கொண்டாட்டத்துக்குப் போனாலும் வாசலை ஒழுங்குபடுத்தாமல் அவருக்கு உள்ளே போய் இருப்புக்கொள்ளாது. ஒரேயொரு சப்பாத்துக்குத்தான் சோடி கிடைக்கவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

“இது ஒரு கலைப்படைப்பு,” என்றாள் பெண். “இப்படிக் கலைத்துப் போடக் கலைஞருக்கு மூன்று மாதம் எடுத்தது.”

அடுக்கப் பத்து நிமிடம்தான் எடுத்தது என்று சொல்ல வாயெடுத்தவர், நல்லவேளையாக மனைவியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

“மன்னிக்க வேண்டும். என்னுடையதை எடுக்கலாமா?”

“அதுவும் இப்போது படைப்புக்குள் போய்விட்டதே. கலைஞரைக் கேட்காமல் எதையும் தொடக்கூடாது. மின்னஞ்சல் போடுகிறேன்.”

“எப்போது பதில் வரும்?”

“பார்ப்போம்.”

“இது எதைப் பற்றிய படைப்பு?”

“உனக்கு என்ன தோன்றுகிறது?” என்றாள் அவள். டெனிஷில் எல்லாருக்கும் எல்லாரும் நீதான். அதற்கு யேசுரட்ணம் கோபிப்பதில்லை.

அந்தக் கிழமை முழுக்க அவருக்குக் கிடைத்ததெல்லாம் இந்தச் சாதிப் பதில்கள்தான். திங்கட்கிழமை தொலைக்காட்சி ஊரில் போர் முடிந்துவிட்டது என்றது. அவருடைய ஒரே தம்பி குருசுமுத்து அடம்பனில் வெளிக்கிட்டு, இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, கடைசியில் முள்ளிவாய்க்காலில் நின்றான். மார்ச்சுக்குப் பிறகு அவனுடைய குரல் இல்லை. வவுனியா முகாமில் கண்டதாக ஒருவர். ஓமந்தையில் பஸ் ஏறினதாக இன்னொருவர். ஓகூஸ் நகரில் இருக்கும் ஊர்க்காரன் சூசைதாசன் “செபிப்பம் அண்ணை” என்று போனை வைத்துவிட்டான். இருக்கிறான், இல்லை, இந்த இரண்டில் ஒன்றைச் சொல்ல உலகத்தில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

பல்லுப் பிடுங்குமுன் போடுகிற விறைப்பூசியை யாரோ நெஞ்சிலும் போட்டுவிட்டதுபோல இருந்தது யேசுரட்ணத்துக்கு. செவ்வாய்க்கிழமை ஜன்னல் தொழிற்சாலைக்குப் போனார். வழக்கம்போல எல்லா ஜன்னலுக்கும் பிணைச்சல் பூட்டினார். ஒன்றுகூடக் கோணவில்லை. தம்பியைப் பற்றித் தெரியாத ஒருவன் இவ்வளவு நேராகப் பூட்டுவானா என்று தன்னைத்தானே கேட்டு, கொஞ்சம் வெட்கப்பட்டார்.

இந்த ஹோட்டலுக்கு வரவேண்டும் என்று அவர் கேட்கவில்லை. மனைவி மேரிசெலினுக்கு, முதியோர் இல்லத்தில் பத்து வருடம் வேலை செய்ததற்குக் கொடுத்த அன்பளிப்புச் சீட்டு இரண்டு வருடமாகக் குளிர்பெட்டிக் கதவில் தொங்கியது. நேற்று வெள்ளிக்கிழமை அவள் திடீரென்று அதைப் பிடுங்கி எடுத்தாள். “நாளைக்குப் போறம். சாப்பாடும் சேத்துத்தான்,” என்றாள். கடலேரிக் கரையில், கடைசி வீட்டையும் தாண்டி, பழைய பால் தொழிற்சாலை ஒன்று. அவளே காரோட்டிக் கொண்டுவந்தாள்.

அறையின் நடுவில், சுவர் எதுவும் இல்லாமல், ஒரு ஜன்னல் கூரையிலிருந்து கம்பியில் தொங்கியது. யேசுரட்ணம் பிணைச்சலைத் தடவிப் பார்த்தார்.

“செலின், இது எங்கட தொழிற்சாலைச் சாமான். நான் பூட்டினதாயும் இருக்கும்.”

அவள் சிரிக்கவில்லை. துவாய் இல்லை, சுடுதண்ணீர் இல்லை. விளக்கு என்று நினைத்து அவர் அமுக்கிய பொத்தான் கடலிரைச்சலைத் தொடக்கிவைத்தது. நிறுத்துகிற பொத்தானைக் காணவில்லை. கைத்தொலைபேசியில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

“நான் மேட்டுக்கு ஏறிப் பாத்திட்டு வாறன். ஆரும் போன் எடுத்திருப்பினம்.”

“முதல் சாப்பிடுங்கோ.”

“கால்மேசோட ஏறுறதுக்கு அஞ்சு நிமிசம் கூடத்தான் செல்லும், எண்டாலும்…”

“சாப்பிட்டிட்டுப் போங்கோ எண்டு சொல்லுறன்!”

சாப்பாட்டு அறையில் ஒரு சனமும் இல்லை. மத்தியானம் மூன்று மணி.

“சமையற்காரர் கடற்பாசி பொறுக்கப் போய்விட்டார்,” என்றாள் வரவேற்புப் பெண்.

“எப்போது வருவார்?” என்று கேட்டாள் மேரிசெலின்.

“அது அலையைப் பொறுத்தது.”

மேரிசெலின் வெளியாட்களிடம் குரல் உயர்த்தி யேசுரட்ணம் கேட்டதில்லை. முதியோர் இல்லத்தில் எச்சில் துப்புகிற கிழவருக்கும் “நன்றி” சொல்லுகிறவள். அவள் இரண்டு கையாலும் மேசையில் அடித்தாள்.

“என் கணவர் இப்போதே சாப்பிட வேண்டும்! அலை வந்தாலும் வராவிட்டாலும்! கேட்கிறதா?”

பெண் பயந்துபோனாள். சமையலறைக் கதவைத் திறந்து, முட்டை இருக்கிறது, உருளைக்கிழங்கு இருக்கிறது, அடுப்பு இதோ, வேண்டியதைச் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். வந்ததிலிருந்து அந்த ஹோட்டல் செய்த ஒரே உருப்படியான சேவை அதுதான்.

சமையலறை ஒன்று கையில் கிடைத்தால் நாற்பது பேருக்குச் சமைக்கிறவள் மேரிசெலின். இப்போது கதவடியிலேயே நின்றாள்.

“பாண், ரொட்டி ஏதாவது இருக்கிறதா?” என்று பெண்ணைக் கேட்டாள்.

“நாளைக் காலையில்தான் வரும்.”

“விடும், செலின். ரெண்டு முட்டையை நான் பொரிக்கிறன்,” என்று யேசுரட்ணம் அடுப்பின் குமிழில் கைவைத்தார். அவள் பாய்ந்துவந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

“போடாதேங்கோ.”

“பொரிக்கத் தெரியாதெண்டு நினைக்கிறீரோ?”

“அடுப்பைப் போடாதேங்கோ எண்டுறன், அப்பா.”

 யேசுரட்ணம் சும்மா நாட்களை எண்ணிப் பார்த்தார். வியாழக்கிழமை, ஆண்டவர் விண்ணேற்றத் திருநாள், அவர் பூசை முடிந்து வந்தபோது மேசையில் பீற்சா இருந்தது. தலையிடி என்று அவள் பூசைக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை கடைச் சாப்பாடு. இன்று காலை வாழைப்பழம். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில், பிள்ளைப்பேற்றைத் தவிர, அவள் தொடர்ந்து மூன்று நாள் அடுப்படிக்குப் போகாமல் இருந்ததே இல்லை. அவளுக்கு ஆசையாக்கும், லீவு நாள்தானே என்று அவர் பீற்சாவில் இரண்டாவது துண்டும் எடுத்தவர்.

ஊரில் செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அயலட்டம்தான் சோறு கொண்டுவரும். ஸ்கீவயில் அவர்களுக்கு ஒருபக்கத்து வீட்டில் பல்லில்லாத ஒரு டெனிஷ்காரர், மறுபக்கத்தில் கார் தரிப்பிடம்.

கண்ணாடித் தட்டு அடுப்பு அது. அதில் நெருப்பே இல்லை. அதைச் சொல்லி ஒரு பகிடி விடலாம் என்று அவருக்கு வந்தது. பகிடி வெளியே வரவில்லை. அழுகையும் வரவில்லை.

“வியாழக்கிழமை போன் ஆர் எடுத்தது?”

“முதல் ஒரு வாய் சாப்பிடுங்கோ. சொன்னனெண்டால் நீங்கள் பிறகு தண்ணியும் குடிக்கமாட்டியள். எனக்குத் தெரியும். அதுதான் இஞ்ச கூட்டிக்கொண்டு…”

“செலின். என்னைப் பாரும்.”

அவள் பார்த்தாள்.

“ஆரும் எனக்குக் கண்டினம் எண்டும், ஏறினான் எண்டும், செபிப்பம் எண்டும் சொல்ல வேண்டாம். நீரும் சொல்லாதையும். குருசு இருக்கிறானோ, இல்லையோ?”

கதவுக்கு வெளியே வரவேற்புப் பெண் நின்றாள். அவளுக்கு மொழி விளங்கவில்லை. ஆனாலும் மெல்லக் கதவைச் சாத்தினாள்.

மேரிசெலின் மணிக்கட்டை விடவில்லை.

“இல்லை,” என்றாள். “போன சனிக்கிழமை விடிய. செல். நிண்ட இடத்திலேயே போயிட்டான், இழுபடேல்லை. சூசைதாசன்ர மச்சான் தன்ர கையால மண் தள்ளி மூடினவராம். அவர்தான் முகாமிலயிருந்து போன் எடுத்தவர். நான் ரெண்டுதரம் கேட்டனான், அப்பா. அது குருசுதான்.”