பூரணிக்கு மட்டும் இறங்கிய பனி

இலங்கை மலையகத்தில், கந்தப்பளைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றில், 1995 தை மாதத்தில், பூரணி என்ற பெண்ணின் மேல் மட்டும் பனி இறங்கத் தொடங்கியது. நல்ல வெயில் நேரம். மலை ஊற்று வந்து விழும் பீலியில் குடத்தை வைத்துவிட்டு அவள் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தபோது, ஒரு பாய் அகலத்துக்கு வெள்ளைப் பனி மூட்டமாக வந்து அவளைச் சுற்றி நின்றது. உள்ளே லயத்து வரிசை வீடுகளின் ரேடியோ கேட்கவில்லை, நாய் குரைப்பது கேட்கவில்லை, குடம் நிரம்பி வழிவதுகூடக் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து அவள் எழுந்ததும் பனியும் கலைந்தது. ஏன் தாமதம் என்று வீட்டில் கேட்டவர்களிடம், பீலியில் கூட்டம் என்று பொய் சொன்னாள்.

அவள் வீடு அப்படிப்பட்ட வீடு. கணவன் செல்லசாமி தோட்டத்துச் சங்கத் தலைவர். சம்பளத்தில் பேர் விட்டுப்போனவர்கள், அடித்துக்கொண்ட புருஷன் பெண்சாதி, பெண் பார்க்க வந்தவர்கள், கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் எல்லாரும் அந்த ஒற்றை அறைக் காம்பராவில்தான் வந்து உட்காருவார்கள். பூரணி முகம் சுளித்ததே கிடையாது. கல்யாண வீட்டில் அவள் குரல்தான் முதலில் கேட்கும், சாவு வீட்டிலும் அவள் குரல்தான். கொழுந்து பறிக்கும்போது நாலு நிரைக்கு அந்தப் பக்கம் நிற்பவளோடும் பேசுவாள். வாயை மூடிய பூரணியை யாரும் பார்த்ததில்லை, அவளே பார்த்ததில்லை. அதனால்தான் பனிக்குள் தனக்குக் கிடைத்த சுகத்தை நினைத்துக் கூசிப்போனாள். மனுசர்கள் வேண்டாம் என்று தோன்றுவது, பந்தியில் உட்கார்ந்தவர்களை எழுப்பி அனுப்புவதுபோல அவளுக்குப் பட்டது. கூசிக்கொண்டே மறுநாளும் போனாள்.

மாசி பிறப்பதற்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கணக்கப்பிள்ளை வந்து, இதனால் பக்கத்துத் தேயிலைக்குக் கொப்புள நோய் வருமா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போனார். பனிக்குள் இருப்பவளுக்கு வெளியே கூப்பிடுவது கேட்காது என்று எல்லாரும் அறிந்திருந்தார்கள்.

பக்கத்துக் காம்பரா காளியாயி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக இருந்தாள். புருஷன் குடிகாரன். ஏஜென்சி வேன் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டதால், ஏழு வயது மகள் தவமணியைக் கையில் பிடித்துக்கொண்டு பீலிக்கு ஓடினாள். "அக்கா, வேன் வந்துருச்சு. புள்ளைய ஒங்ககிட்ட விட்டுட்டுப் போகணும். எந்திரிச்சு வாங்கக்கா!" பனிக்குள் அதுவரை எந்தக் குரலும் வந்ததில்லை. இந்தக் குரல் வந்தது. "அக்கா" என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. சீனி கேட்டோ சண்டை சொல்லியோ வந்திருப்பாள், இன்னும் கொஞ்ச நேரம் இருப்போம் என்று பூரணி இருந்துவிட்டாள். அவள் மேலே ஏறி வந்தபோது வேன் போயிருந்தது. வழியனுப்ப இறம்பொடையிலிருந்து வந்திருந்த அத்தைக்காரி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

"பனிக்குள்ள காது கேக்காது, நீ என்னா செய்வ?" என்று லயத்தில் ஆறுதல் சொன்னார்கள். பூரணி ஆமாம் என்று தலையாட்டினாள். அதற்குப் பிறகு அவள் பீலிக் கல்லில் உட்காரவில்லை. பனி அவளைத் தேடி வாசலுக்கு வந்தது. விளக்குமாற்றால் விரட்டினாள். அந்த மழைக்காலத்திலிருந்து அது மாட்டுப்பட்டி ஓரமாகவே ஒதுங்கி நின்றது. வீட்டில் கூட்டம் குறையவில்லை, தேத்தண்ணியும் குறையவில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் அவளும் சரியாகச் சிரித்தாள்.

அத்தை வீட்டில் தவமணியைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தி, கண்டியில் ஒரு வீட்டில் கைக்குழந்தை பார்க்க வைத்திருக்கிறார்கள் என்ற செய்தி மறு வருசம் வந்தது. பூரணி கொழுந்து மலையிலிருந்து இறங்கிய கோலத்திலேயே பஸ் ஏறினாள். அந்த வீட்டு வாசலில் நின்று, பிள்ளையை வெளியே அனுப்பும்வரை சத்தம் போட்டாள். திரும்பி வரும் பஸ்ஸில் தவமணி கேட்டாள்: "பெரியம்மா, அன்னைக்கு அம்மா கூப்புட்டது ஒங்களுக்குக் கேக்கலியா?"

"கேக்கல கண்ணு," என்றாள் பூரணி.

அந்தச் சொல்லோடு அவள் ஏழு வருசம் வாழ்ந்தாள். தன்னோடு வைத்துக்கொண்ட பிள்ளைக்குத் தலை பின்னிவிடும்போதெல்லாம், பாதியில் அவிழ்த்து மறுபடி பின்னினாள்.

2003இல் காளியாயி வந்தாள். செல்லசாமி வீட்டில் கூட்டம் கூடி, பெட்டியைத் திறந்து, சோப்பும் சென்ட்டும் பங்கு போட்டது. மறுநாள் பின்னேரம் அவள் பூரணியைப் பீலிக்குக் கூட்டிப் போனாள்.

"காளி, அன்னைக்கு..." என்று பூரணி தொடங்கினாள்.

"தெரியும்க்கா. நான் கூப்புட்டப்ப ஒங்க காலு பனிக்கு வெளிய தெரிஞ்சுச்சு. உள்ள இழுத்துக்கிட்டீங்க."

பூரணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அங்க போயி ஒங்கள வையாத நாளில்ல. அந்த வீட்டுல எந்நேரமும் ஆளு. ஒரு நாளு குளிக்கிற ரூம்ப உள்ள பூட்டிக்கிட்டு, பைப்பத் தொறந்து விட்டுட்டு, சும்மா நின்னேன். மேடம் கதவத் தட்டுனா. காதுல விழாத மாதிரி நின்னேன். அப்ப ஒங்க நெனப்புதான் வந்துச்சு. கோவம் போயிருச்சுன்னு சொல்லல." காளியாயி தண்ணீரில் கையை நனைத்தாள். "புள்ளைகிட்ட நீங்களே சொல்லிருங்க."

பூரணி அன்றே சொன்னாள். தவமணி அவளோடு பேச்சை நிறுத்தினாள். தட்டில் சோறு போட்டால் சாப்பிட்டாள், அவ்வளவுதான். மாட்டுப்பட்டியிலிருந்து பனியைப் பூரணியிடம் கொண்டுவந்து விட்டவள் காளியாயிதான். "போயி உக்காருங்க. நான் வெளிய நிக்கிறேன். யாராச்சும் சாகக் கெடந்தா கல்ல விட்டெறியிறேன்," என்றாள். பிறகு தன் முறைக்குத் தானும் உட்கார்ந்து பார்த்தாள். பனி மறுப்புச் சொல்லவில்லை. பூரணியைத் தேடி வருகிறவர்களிடம், கடைக்குப் போயிருக்கிறாள் என்பதுபோல, "பனிக்குள்ள இருக்கா" என்று செல்லசாமி சொல்லப் பழகினார்.

தீபாவளிக்கு முந்தின வாரம் தவமணி தனியாகப் பீலிக்கு வந்து, பனியின் ஓரத்தில் நின்று, சத்தமாகக்கூட இல்லை, "பெரியம்மா" என்றாள்.

பூரணி கால் தடுக்கி, கையை ஊன்றி, ஈரத் தலையோடு வெளியே வந்தாள். "என்னம்மா? என்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. கேக்குதான்னு பாத்தேன்."

பூரணிக்குக் காது மடல் சுட்டது. முந்தானையால் ஈரத் தலையைத் துடைத்தாள்.

"போங்க, போயி உக்காருங்க," என்றாள் தவமணி. "நான் இங்கதான் இருக்கேன்."

அன்று பனி வழக்கத்தைவிடத் தாமதமாகக் கலைந்ததாக மறுநாள் காலை, வேலைக்குப் பேர் எடுக்கும் பெரட்டில் பேசிக்கொண்டார்கள். பிறகு கொழுந்து எடுக்கப் போனார்கள்.