பதினேழாம் எண் பூட்டு

கதிரவன் ஆலைத்தெருவின் நெடிய கூரைகளுக்கு மேலே முழுதும் எழுந்து, இரவுப் பனியில் நனைந்த தகரங்களை உலர்த்தி, சுவரோரம் வரிசையாய்ச் சாய்ந்து நின்ற மிதிவண்டிகளின் கம்பிகளில் ஒளியேற்றி, தேநீர்க்கடையிலிருந்து கிளம்பிய ஆவியோடு கலந்து விளையாடிய காலைப் பொழுது அது. தெருவின் மேற்கோடியில் சலவைத்தூள் ஆலை. கீழ்க்கோடியைக் கடந்து இரண்டு தெரு தள்ளித் தொழிற்பயிற்சிப் பள்ளி. இரண்டுக்கும் இடையே நடந்தால் கால்மணி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினால் அதில் பாதி. கற்றறிந்த நண்பரே, இக்கதையின் நாயகி அன்று நடக்கவில்லை என்பதை மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

அப்பள்ளியில் சேர மதிப்பெண் வேண்டியதில்லை. சொல்லப்போனால், மதிப்பெண் வாங்க வாய்ப்பே வாய்க்காதவர்களுக்காகத்தான் அதன் கதவு திறந்திருந்தது. வாரத்தில் மூன்று நாள் வகுப்பறையில் பாடம், மூன்று நாள் ஆலையில் வேலை என்று முறை வகுத்து, ஏட்டில் படித்ததைக் கையாலும் கையால் செய்ததை ஏட்டாலும் சரிபார்க்கப் பழக்கினார்கள். நம் நாயகி ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, அக்காளோடு அமர்ந்து நான்காண்டு தாள்பை ஒட்டி, விரலிடுக்கில் ஏறிய பசை இனிப் போகவே போகாதோ என்று அஞ்சிக்கொண்டிருந்தவள். ஆலைக்குள் கால்வைத்த முதல் நாளிலேயே தூள் மூக்கில் ஏறி, மூச்சுவிடாமல் இருபத்துமூன்று முறை தும்மினாள். எண்ணிச் சொன்னவர்கள் பொறிகளைப் பழுதுபார்க்கும் பொருத்துநர்கள். வேறு வேலை இல்லையா என்று நான் கேட்கமாட்டேன். அன்றுமுதல் அவள் பெயர் தும்மல். அவளும் அப்பெயரைக் கேட்டால் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

அவ்வாலையில் ஒரு வழக்கம் உண்டு. பழுதுபார்க்கப் பொறியில் கைவைக்கும் ஒவ்வொருவரும் முதலில் மின்விசையை அணைத்து, அதன் பிடியில் தமக்கென்று கொடுக்கப்பட்ட சிவப்புப் பூட்டை மாட்டி, திறவுகோலைத் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். நால்வர் வேலை செய்தால் நான்கு பூட்டுத் தொங்கும். ஒருவர் பூட்டை மற்றவர் தொடலாகாது. மாற்றுத் திறவுகோலும் கிடையாது. பூட்டுத் தொங்கும்வரை பொறி அசையாது, உள்ளே விட்ட கை கையாகவே வெளியே வரும். தும்மலுக்குக் கிடைத்தது பதினேழாம் எண் பூட்டு.

அன்று வியாழன், வகுப்பு நாள். கரும்பலகையில் ஆசிரியை மின்சுற்று ஒன்றை வரைந்துகொண்டிருக்க, தான் வரைந்த கோடு கோணிவிட்டதென்று அழிப்பானைத் தேடி எழுதுகோற் பெட்டியைத் திறந்த தும்மலின் விரலில் சில்லென்று ஏதோ பட்டது. பதினேழு என்று பொறித்த திறவுகோல்! முந்திய மாலை கலவைப் பொறிக்குப் புதிய வார்ப்பட்டை மாட்டி முடித்ததும், பொருத்துநர் தம் பூட்டைக் கழற்றிக்கொண்டார். இவளோ பேருந்து போய்விடுமே என்ற பதைப்பில் தன் பூட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடிவிட்டாள். திறவுகோலைப் போட்டுவைத்த பெட்டி அவளோடு வகுப்புக்கு வந்துவிட்டது. அங்கே ஆலையின் பெரிய பொறி வேலை தொடங்கியதுமுதல் வாயடைத்து நிற்கும்.

நாளை மறுநாள், காரிக்கிழமை, ஆலை மேற்பார்வையாளர் பயிற்சி ஏட்டில் கையெழுத்திட்டால்தான் இரண்டாம் ஆண்டு, ஊதியத்தோடு. இடாவிட்டால் மறுபடியும் தாள்பை, மறுபடியும் பசை. சென்ற மாதம் ஆலையை அரைநாள் நிறுத்திவைத்த பயிலுநர் ஒருவரை அவர் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

"டீச்சர், நான் ஆலைக்குப் போகணும்."

"இன்னைக்கு வகுப்பு நாளாச்சே, என்ன அவசரம்?"

தும்மல் உள்ளங்கையை நீட்டினாள். திறவுகோலைக் கண்டதும் ஆசிரியையின் கையிலிருந்த சுண்ணக்கட்டி கீழே விழுந்தது.

"அடிப்பாவி! அப்புறம் ஏன் இன்னும் இங்க நிக்கிற? ஓடு!"

ஓடினாள். செருப்பு அறுந்தது, அதையும் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். ஆலைக்குள் நுழைந்தபோது, பொட்டலம் கட்டும் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு வரிசையாய் அமர்ந்திருந்தார்கள். கூரையை முட்டுமளவு உயர்ந்த கலவைப் பொறியின் அருகே, மின்விசைப் பெட்டியில் அவளுடைய சிவப்புப் பூட்டு தனியாய்த் தொங்க, அதன் முன்னே மேற்பார்வையாளர் நின்றிருந்தார்.

"வாம்மா மகராசி! ஒன்றரை மணி நேரமா மெஷின் உன் வரவுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கு."

"தப்புதான் சார். மறந்துட்டேன்."

"கதையெல்லாம் அப்புறம். முதல்ல கழட்டு."

அவள் திறவுகோலைப் பூட்டில் நுழைத்தாள். நுழைத்த கை அப்படியே நின்றது. பூட்டைக் கழற்றுமுன் பொறியை ஒருமுறை சுற்றிவந்து, குரல் கொடுத்து, உள்ளே கண்ணால் பார்க்க வேண்டும் என்பது வகுப்பில் படித்த பாடம். ஆலையில் அதையெல்லாம் யார் செய்தார்கள்? "போடட்டுமா?" என்று ஒரு கத்தல் கத்திவிட்டுப் போட்டுவிடுவதுதான் அங்கே வாடிக்கை.

"ஒரு தடவை சுத்திப் பாத்துட்டு வந்துடறேன் சார்."

"என்னத்தைப் பாக்கப் போற? நேத்து நீங்க ரெண்டு பேரும் முடிச்ச வேலைதானே? காலையில இருந்து ஒரு ஈ காக்கா கிட்ட வரல."

"ரெண்டே நிமிஷம் சார்."

"உன் வகுப்புப் பாடத்தை இங்க வந்து ஒப்பிக்காத. சனிக்கிழமை கையெழுத்துக்கு என்கிட்டதான் வரணும், ஞாபகம் இருக்கா?"

நினைவிருந்தது, நன்றாகவே நினைவிருந்தது. தவறு செய்தவள் தான், அதன்மேல் அடமும் பிடித்தால் இந்த மனிதர் மன்னிப்பாரா என்று நினைத்தாள். ஆயினும் திறவுகோலை உருவி மடியில் செருகிக்கொண்டு, பொறியைச் சுற்றி நடந்தாள். "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று மூன்று பக்கம் நின்று மூன்றுமுறை கூவினாள். மறுமொழி இல்லை.

"கேட்டுட்டியா? யாருமில்ல. திற!" என்று மேற்பார்வையாளர் பல்லைக் கடித்தார்.

அவள் இரும்பு ஏணியில் ஏறினாள். தொட்டியின் விளிம்பைப் பற்றி எட்டிப் பார்த்தாள். உள்ளே, ஆளுயர இரும்புத் துடுப்புகள் இரண்டுக்கு நடுவே, குத்துக்காலிட்டு அமர்ந்து, தூள் புகாதபடி காதையும் தலையையும் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி, சுவரில் இறுகிப்போன தூளைச் சுரண்டிக்கொண்டிருந்தார், ஆலையில் எல்லாரும் சித்தி என்றழைக்கும் துப்புரவுக்காரர்.

தும்மல் விளிம்பை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, கீழே பார்த்து, "சித்தி இருக்காங்க சார்," என்று மட்டும் சொன்னாள்.

நிழல் விழுந்ததைக் கண்டு சித்தி நிமிர்ந்தார், காதுத்துணியை விலக்கினார்.

"என்னடி தும்மல், இன்னைக்கு உனக்குப் பள்ளிக்கூடமாச்சே?"

"வெளிய வாங்க சித்தி."

"இருடி, இந்த ஓரம் மட்டும் பாக்கி. பாழாப்போன மெஷின் நிக்கிற நாளே கிடையாது. இன்னைக்குப் பூட்டு தொங்குது, விடுவேனா?"

"சித்தி, அது என் பூட்டு. மறந்து விட்டுட்டுப் போன பூட்டு. வெளிய வாங்க!" என்று சொன்னவளுக்கு அழுகை பீறிட்டது.

சித்தி ஏணி வழியே இறங்கிவந்து நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு தும்மலின் கையைப் பிடித்து, தூள் படிந்த தம் கன்னத்தில் வைத்துக்கொண்டார். மேற்பார்வையாளர் மூட்டை ஒன்றின்மேல் தொப்பென்று அமர்ந்தார்.

"உன் கையிலருந்து சாவியைப் பிடுங்கி நானே திறந்துடலாம்னு நினைச்சேன்மா," என்றார், தலை கவிழ்ந்தபடி. "நெசமாவே நினைச்சேன்."

காரிக்கிழமை அவர் பயிற்சி ஏட்டில் இரண்டு வரி எழுதினார். 'பூட்டை மறந்து சென்றார்' என்பது ஒன்று. 'திறக்குமுன் பார்த்தார்' என்பது மற்றொன்று. அவற்றின் கீழே கையெழுத்திட்டார். முதல் வரியை அடித்துவிடச் சொல்லி அக்காள் நச்சரித்தாள், தும்மல் இசையவில்லை. இரண்டும் உண்மைதானே என்றாள். அன்று வீட்டில் அக்காளும் தங்கையும் உண்ட உணவு வழக்கமான உணவுதான். ஆனால் இருவரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கி உண்டார்கள்.

ஆனால் நண்பரே, கதை கையெழுத்தோடு முடியவில்லை. அடுத்த திங்கட்கிழமை, சிவப்புப் பூட்டுகள் எண்வரிசையில் தொங்கும் பலகையின் முன்னே சித்தி இடுப்பில் கைவைத்து நின்றார். பொருத்துநர்க்கு இருந்தது, மின்பணியாளர்க்கு இருந்தது, நேற்று வந்த பயிலுநர்க்கும் இருந்தது. துடைப்பம் ஏந்தியவர்க்கு மட்டும் ஒன்றும் இல்லை.

"இருபது வருஷமா அந்த மெஷின் வயித்துக்குள்ள நான்தான் போயிட்டு வரேன். இத்தனை நாளும் யார் பூட்டை நம்பிப் போனேன் சார்?"

மேற்பார்வையாளர் பெட்டியைப் பிரித்துப் புதிய பூட்டு ஒன்றை எடுத்து, முப்பத்தொன்று என்று தம் கையாலேயே பொறித்துக் கொடுத்தார். சித்தி அதை இரண்டுமுறை பூட்டிப் பார்த்தார், இரண்டுமுறை திறந்து பார்த்தார். அதன்பின் அப்பொறி நிறுத்தப்பட்ட நாளில் மின்விசையின் பிடியில் மூன்று பூட்டுகள் அடுத்தடுத்துத் தொங்கின. பொருத்துநர் ஒன்றைக் கழற்றினார், தும்மல் ஒன்றைக் கழற்றினாள், ஆலை முழுவதும் கைகட்டிக் காத்திருக்கச் சித்தி நிதானமாய் நடந்துவந்து தம்முடையதைக் கழற்றிய பிறகே பொறி சுழன்றது.