மேடு ஏறாத வண்டி

எஞ்சினைப் பிரித்து, ஹெட்டைக் கடைந்து, புது கேஸ்கெட் போட்ட பிறகு என் வண்டி சமதரையில் நன்றாகவே ஓடியது. கடலுக்குப் போகும் சாலையில் அந்த ஒரு மேட்டில் மட்டும் சூடாகிவிடும்.

எங்கள் ஊரில் மேடே கிடையாது, கோதுமை வயல்தான். மெக்கானிக் வின்ஸ் ஊரைச் சுற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லையே நெரிடா. பெரிய ரிப்பேர் பாத்த எஞ்சின், கொஞ்சம் பழகணும்" என்பார். தெர்மோஸ்டாட்டை மாற்றினார். அப்புறம் தண்ணீர் பம்ப். ஒவ்வொரு முறையும் நம்பிக் கிளம்புவேன்.

ஆன்டே இறால் படகில் வேலை செய்கிறான். நிலவில்லாத இருட்டு நாட்களில்தான் இறால் அகப்படும். நிலவு நிறையும்போது படகுகள் துறைக்குத் திரும்பும். அந்தச் சில நாட்கள்தான் எங்களுக்கு. எப்போதும் நான்தான் போவேன். ரிப்பேருக்குப் பின் இரண்டு பௌர்ணமி வீணாகிவிட்டது. அவன் சட்டையின் உப்பு வாசனைகூட நினைவில் மங்கத் தொடங்கியிருந்தது.

இன்றும் மேட்டின் உச்சியில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கினேன். பானெட் திறந்த வண்டியை இந்தச் சாலையில் யாரும் நிற்காமல் தாண்டிப் போக மாட்டார்கள். எனக்கு அதுதான் கூச்சம். எதிரே வந்த தபால் வண்டி நின்றது. மெர்ல் இறங்கினார்.

"மறுபடியுமா கண்ணு? இந்த மேட்டை உன் பேர்லயே எழுதி வச்சிடலாம் போல."

"ஆறினா சரியாயிடும்."

"படகுக்காரப் பையனப் பாக்கத்தானே?"

நான் யாரிடமும் சொன்னதில்லை. "உங்களுக்கு எப்படி…"

"நிலா பெருசானா தலையை சீவிக்கிட்டு தெக்கே கிளம்பிடுறே. மீன் வாங்கவா போறே?" சிரித்துவிட்டு எஞ்சினுக்குள் எட்டிப் பார்த்தார். "அவன்கிட்ட வண்டி இருக்கா?"

"இருக்கு."

"ஓடுதா?"

"நல்லா ஓடுது."

மெர்ல் எஞ்சினை விட்டு என்னைப் பார்த்தார்.

"நான் வடக்கே போறேன். வீட்டுல விட்டுடவா?"

வேண்டாம் என்று தலையசைத்தேன்.

"அப்போ பானெட்டை இறக்கு. இல்லேன்னா வர்றவங்க எல்லாம் நின்னு இதையேதான் கேப்பாங்க."

அவர் போன பிறகு வண்டிக்குள் உட்கார்ந்து ஃபோனை எடுத்தேன். உச்சியில் மட்டும் சிக்னல் வரும். 'வண்டி மேட்டுல நின்னுடுச்சு' என்று எழுதினேன். முன்பெல்லாம் 'சரியானதும் வர்றேன்' என்று முடிப்பேன். அவனும் 'சரி' என்பான்.

'நீ வர்றியா?' என்று எழுதி அனுப்பினேன். ஃபோனை மடியில் கவிழ்த்து வைத்தேன். எஞ்சினின் உலோகம் ஆறும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது நின்ற பிறகும் ஃபோனைத் திருப்பத் தைரியம் வரவில்லை.

ஃபோன் அதிர்ந்தது.

'எந்த மேடு?'

இத்தனை நாள் பழகியும் அவனுக்கு இந்தச் சாலை தெரியாது. எனக்கும் அவன் பக்கத்திலிருந்து தெரியாது. திரும்பி வரும்போது நான் எதையும் கவனித்ததில்லை. மனசு துறையிலேயே கிடக்கும்.

கண்ணை மூடி, மனசுக்குள் அங்கிருந்து கிளம்பினேன். எனக்கு வலப்புறம் வரும் உப்பு ஏரி, அவனுக்கு இடப்புறம்.

'மொதல்ல ஒரு ஏரி வரும்' என்று எழுதத் தொடங்கினேன்.