என் மீது நானே போட்ட ஆட்சேபணை

சென்னையில் சினிமா வியாபாரிகளுக்கென்று ஒரு வார இதழ் வருகிறது. அதில் நடிகை படம் இருக்காது, கிசுகிசு இருக்காது. கடைசி நான்கு பக்கமும் வக்கீல்களின் பொது அறிவிப்புதான். 'எங்கள் கட்சிக்காரர் கீழ்க்கண்ட படத்தின் உரிமையை வாங்க இருக்கிறார். வேறு யாருக்கேனும் பாத்தியதை இருந்தால் பத்து நாட்களுக்குள் தெரிவிக்கவும்.' இதைச் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு ரசித்துப் படிக்கிறவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான் இருப்பேன்.

பெயர் அங்கமுத்து. சிங்கப்பூர் டன்லப் ஸ்திரீட்டில் ஒரு டிராவல் ஏஜென்சிக்கு மேலே பாதி அறை என் ஆபீஸ். கதவில் 'அங்கமுத்து இன்டர்நேஷனல் மூவிஸ்' என்று எழுதியிருக்கும். இன்டர்நேஷனல் என்றால் பாலத்தைத் தாண்டினதும் வரும் ஜொகூர் பாரு வரைக்கும். இருபத்து மூன்று பழைய தமிழ்ப் படங்களின் சிங்கப்பூர், மலேசியா உரிமை என்னிடம் இருக்கிறது. அதில் இருபத்திரண்டை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கமாட்டார்கள்.

படங்களைவிட எனக்குப் பிடித்தது ஆட்சேபணை. அறிவிப்பில் ஏதாவது தெரிந்த படத்தின் பெயர் கண்ணில் பட்டால் போதும், லெட்டர்ஹெட்டை எடுத்துவிடுவேன். வாங்குகிறவன் பயப்படுவான், விற்கிறவன் என்னைத் தேடி வருவான், ஒரு வாழையிலைச் சாப்பாட்டோடு பேசி முடித்து 'எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கொடுப்பேன். இதுதான் கணக்கு. இருபது வருடத்தில் இருநூறு கடிதம் எழுதியிருப்பேன். சாப்பாடு கிடைத்தது மூன்று முறை.

"இது தொழில் இல்லீங்க, வியாதி" என்பாள் என் மனைவி சந்திரமதி. பாலர் பள்ளியில் முப்பது வருடம் வேலை பார்த்து வீட்டை நடத்தியவள். அவள் சொல்லலாம்.

அதனால்தான் போன மாதம் கவிப்ரியா போன் செய்தபோது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இணையத்தில் படம் காட்டுகிற ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் சின்னப் பெண். 'கப்பலுக்கு ஒரு மாப்பிள்ளை' என்ற நகைச்சுவைப் படம் அவர்களுக்கு வேண்டுமாம். அது ஒன்றுதான் என் பட்டியலில் ஓடின படம். விடுவேனா? இருபத்து மூன்றையும் சேர்த்து எடுத்தால்தான் உண்டு என்றேன். குப்பையைக் கல்யாணப் பெண்ணோடு சீராக அனுப்புவது எங்கள் வழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டாள். பட்டியலில் எல்லாப் படத்துக்கும் நேராக 'உரிமை: 99 ஆண்டு' என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் தொழிலில் எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள்.

"லீகல் செக் முடிய டூ வீக்ஸ் ஆகும் அங்கிள்" என்றாள். ஆகட்டும் என்றேன். கையெழுத்தான காகிதத்தைச் சந்திரமதி முன்னால் வைத்து, இது வியாதியா என்று ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும். அதற்கு மேல் எனக்கு ஒரு ஆசையும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை இதழைப் பிரித்தேன். 'கப்பலுக்கு ஒரு மாப்பிள்ளை மற்றும் 22 படங்கள்' என்று ஒரு சென்னை வக்கீலின் அறிவிப்பு. விற்பவர் பெயர் இல்லை. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. கோலாலம்பூர் ரகுபதி! என்னைப் போலவே பழைய படம் விற்கிறவன், என் பரம வைரி. என் படத்தை என் முதுகுக்குப் பின்னால் விற்கிறான் என்று முடிவு கட்டினேன். பக்கத்திலேயே 22 படங்கள் என்று போட்டிருந்ததே, எண்ணிப் பார்த்தேனா? புத்தி இருக்கிறவன் பார்த்திருப்பான்.

ரகுபதியை ஒரேயடியாய் வீழ்த்த வேண்டும் என்று, வழக்கமான பொய்களை விட்டுவிட்டு உண்மையை எழுதினேன். 'இந்தப் படத்தின் உரிமையாளர் பாசிர் ரிஸ்ஸில் வசிக்கும் திரு. ஞானசேகரன். அவர் 1997இல் ஐந்து வருடத்துக்கு மட்டுமே உரிமை கொடுத்தார். 2002க்குப் பிறகு இதை விற்பவன் எவனும் திருடன்.' ஒப்பந்தத்தின் நகலையும் இணைத்தேன். முத்திரையும் குத்தினேன்.

பத்து நாள் கழித்துக் கவிப்ரியா கூப்பிட்டு அனுப்பினாள்.

"அங்கிள், ஒரு அப்ஜெக்‌ஷன் வந்திருக்கு."

"எந்த மடையன்மா அது?"

அவள் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். என் லெட்டர்ஹெட். என் முத்திரை. ஐந்து வருட உரிமையை வாங்கியவன் என்று ஒப்பந்தத்தில் என் கையெழுத்து. சென்னை வக்கீல் அறிவிப்புப் போட்டது இவள் கம்பெனிக்காகத்தான்; விற்பவன் நான். எதிர்க்கட்சி வக்கீலாக நானே நின்று என்னையே தோற்கடித்திருந்தேன்.

"இந்த லெட்டர் பொய்யின்னு நீங்க சத்தியம் பண்ணி சைன் பண்ணா, டீல் அப்படியே போகும். உண்மைன்னா நாங்க ஓனர்கிட்டதான் போகணும். அந்தப் படம் இல்லன்னா மத்தது வேணாம் லா அங்கிள், சாரி" என்றாள். நாளைக்குள் சொல்ல வேண்டும்.

ஞானசேகரன் அண்ணன் கப்பல் பட்டறையில் சூப்பர்வைசராக இருந்தவர். சேமிப்பையெல்லாம் போட்டுச் சென்னையில் எடுத்த ஒரே படம் அது. கேசட்டில் ஓடியது. குறுந்தட்டில் ஓடியது. கோலாலம்பூர் போகும் பஸ்ஸில் எல்லாம் ஓடியது. அவரிடம் மட்டும் ஓடவில்லை என்று சொன்னேன். படம் ஓடவில்லை என்று தயாரிப்பாளரிடம் சொல்வது எங்களுக்கு வணக்கம் சொல்வதுபோல. ஓடியது என்றால் அடுத்த ஒப்பந்தத்தில் விலை ஏற்றுவார்களே! அடுத்த ஒப்பந்தமே போடாமல் இருந்ததுதான் என் திறமை. ஒவ்வொரு தீபாவளிக்கும் மனுஷன் முறுக்கு டின்னோடு என் வீட்டுக்கு வருவார். "என் படத்தால கையச் சுட்டுக்கிட்டே. மனசுல வச்சிக்காத முத்து" என்பார். நானும் பெருந்தன்மையாக, "விடுங்கண்ணே, வியாபாரம்னா அப்படித்தான்" என்பேன். அந்த முறுக்கையும் தின்றிருக்கிறேன்.

புக்கிட் மேராவில் எங்கள் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சந்திரமதியிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தாள்.

"இதுல ஒரு வரியாச்சும் பொய்யா?"

"இல்ல."

"அப்புறம் எதை வாபஸ் வாங்கப் போறீங்க?"

விடிய விடிய யோசித்தேன் என்று சொல்ல ஆசைதான். நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்ததும்தான் வெட்கமாக இருந்தது. சத்தியத்தில் கையெழுத்துப் போட்டால் டீல் காகிதம் என் கைக்கு வந்துவிடும். அதைச் சந்திரமதி முன்னால் எந்த முகத்தோடு வைப்பது? பாசிர் ரிஸ்ஸுக்கு ரயில் ஏறினேன்.

அண்ணன் தாழ்வாரத்தில் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். உட்கார வைத்து கோப்பி கொடுத்தார். கோப்பியைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கேசட், குறுந்தட்டு, பஸ், தொண்ணூற்றொன்பது வருடம், திருடன். கவிப்ரியாவின் நம்பரை எழுதி மேசைமேல் வைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் நம்பர் எழுதிய காகிதத்தை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தார்.

"அப்ப, படம் ஓடுச்சா?"

"ஓடுச்சுண்ணே."

"ஜனங்க சிரிச்சாங்களா?"

"பஸ்ல டிரைவரே திரும்பித் திரும்பிப் பாப்பான். பயந்துபோய் டிவியை இடம் மாத்தி வச்சாங்க."

அவர் முகம் மலர்ந்து, பிறகு சுருங்கியது. "இருபத்தேழு வருஷமா, படம் எடுத்துப் பணத்தக் கரைச்சவன்னு மச்சான்க முன்னால தலைகுனிஞ்சு உக்காந்துருக்கேன்" என்றார். சத்தம் உயரவே இல்லை. "எந்திரிச்சுப் போ முத்து."

எழுந்து வந்தேன். என் பின்னால் இரும்புக் கதவு சாத்தப்பட்டது. லிஃப்ட் வருவதற்குள் ஜன்னல் வழியாக அவர் யாருக்கோ போன் போடுவது கேட்டது.

"மச்சான், என் படம் ஓடுச்சாம்."

அந்தப் பக்கம் காது மந்தம் போலிருக்கிறது. லிஃப்ட் வந்து கதவு திறந்து மூடியது, நான் ஏறவில்லை. அண்ணன் மறுபடியும் சொன்னார். மூன்றாவது தடவை, அந்தத் தளம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.