கவிழ்க்காத ட்ரம்

வைத்திலிங்கத்துக்குத் தண்ணீர் சேமிக்கத் தெரியும் என்று செந்துறையில் யாராவது சொன்னால் அவர் மனைவி ஜோதிக்குப் பற்றிக்கொண்டு வரும். சேமிக்கத் தெரிந்த மூஞ்சியைப் பார்! ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அந்த மனுசன் செய்த ஒரே காரியம், கொல்லைச் சுவரோரம் நீல ட்ரம்களை வரிசையாக நிறுத்தி, குழாயில் கொள்ளிடம் தண்ணீர் வரும்போதெல்லாம் ரப்பர் ஓஸைப் பிடித்துக்கொண்டு அலைந்ததுதான். "ஊரே காஞ்சாலும் நம்ம வூட்டுக்குக் கவலையில்ல" என்று வருவோர் போவோரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

ஆனால் ஒரு ட்ரம்மையும் அவர் கவிழ்த்துக் கழுவியதில்லை. கவிழ்த்தால் குடும்பத்துக்கு ஆகாதாம். அதுவும் அவரே கண்டுபிடித்த சாஸ்திரம். பழைய தண்ணீர் பாதி இறங்கியதும் அதன் தலையிலேயே புதுசை ஊற்றுவார். அதைக் குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரிவார், வெயிலைக் குறை சொல்வார். ஜோதி தனக்கென்று வைத்திருந்த எவர்சில்வர் குடத்தைத் தவிர வேறெதிலும் வாய் வைக்க மாட்டாள்.

போன ஆடியில் ஒரு சொம்பு காணாமல் போனது. அன்றைக்கு ஒரு குடம் தண்ணீர் கேட்டு வந்திருந்தவள் எதிர்வீட்டுக் காத்தாயி. அவ்வளவுதான், "தண்ணிக்கு வந்தவ சொம்பையும் தூக்கிட்டுப் போயிட்டா" என்று வைத்திலிங்கம் தெருவில் நின்று கத்தினார். காத்தாயி அதற்குப்பின் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜோதிக்கு அவமானத்தில் உடம்பே கூசியது.

இப்போது மகள் பூவிழி வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பெரம்பலூர்ச் சம்பந்தியம்மா காரில் ஏறும்போதே சொல்லிவிட்டுத்தான் போனாள்: "தண்ணி சேராம வயித்துக்கு ஏதாச்சும் வந்துச்சுன்னா, அன்னைக்கே கூட்டிட்டுப் போயிடுவேன்." மகளின் பிரசவத்தைத் தான் இருந்து பார்க்கவேண்டும். ஜோதிக்கு வேறு ஆசையே கிடையாது.

ரோடு தோண்டியவர்கள் குழாயை உடைத்துவிட்டார்கள். தண்ணீர் வரவில்லை. கடைகளில் கேனும் தீர்ந்துபோனது. ஜோதியின் குடம் வற்றியது. வைத்திலிங்கத்தின் முகத்தில் அப்படியொரு களை! "இப்பத் தெரியுதா என் அருமை?" என்று ட்ரம்மிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு மகளிடம் நீட்டினார்.

பூவிழி வாயருகே கொண்டுபோனவள் நின்றாள். "அம்மா, இதுல என்னமோ நெளியுது."

ஜோதி டம்ளரைப் பிடுங்கி அவர் காலடியில் வீசினாள். விறுவிறுவென்று கொல்லைக்குப் போய், பாதி குறைந்திருந்த அந்த ட்ரம்மைத் தோளால் முட்டித் தள்ளினாள்.

"ஐயையோ, குடும்பத்துக்கு ஆகாதுடி!"

"புள்ளத்தாச்சிக்குப் புழுத்தண்ணி குடுக்குறதுதான் ஆகுமா? ச்சீ!"

குப்பென்று நாறியது. கொசுப்புழுவும் பாசியுமாகத் தண்ணீர் ஓடியது. கடைசியில் கடகடவென்று உருண்டு வந்தது, போன ஆடியில் காணாமல்போன சொம்பு.

ஜோதி சொம்பைக் காலால் வைத்திலிங்கத்தின் பக்கம் தள்ளினாள்.

"எடுங்க. இதை எடுத்துட்டுப் போய்க் காத்தாயி அக்காகிட்ட நீங்களே தண்ணி கேளுங்க. இல்லன்னா எம்பொண்ணு நாளைக்கு பெரம்பலூர் போயிடும்."

அவர் சொம்பை எடுத்துக்கொண்டு முன்னே போனார். நடுவில் திரும்பிவிட்டால் என்ன செய்வது என்று ஜோதி குடத்தோடு பின்னாலேயே போனாள். காத்தாயி தண்ணீர் வரும்போதெல்லாம் பாத்திரங்களைத் தேய்த்து வெயிலில் காயவைத்தே பிடிப்பவள். குடிக்கிறதைக் காய்ச்சி ஆற்றி மூடி வைப்பவள்.

அவள் சொம்பைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். ஜோதியின் குடத்தை வாங்கிக் கழுவி, நிறைய ஊற்றிக் கொடுத்தாள். "பூவிழிக்கு இது தீந்தா, திரும்ப வா ஜோதி."

வைத்திலிங்கம் தயங்கித் தயங்கிச் சொம்பை நீட்டினார். "எனக்கும் கொஞ்சம்..."

"பாசி மேல நான் தண்ணி ஊத்த மாட்டேண்ணே." ஒரு பிடி சாம்பலையும் தேங்காய் நாரையும் வாசலில் வைத்தாள். "தேச்சுக் கொண்டாங்க."

தெருவே பார்க்க அவர் குந்தித் தேய்த்தார். காத்தாயி சொம்பை வாங்கி உள்ளே விரலை விட்டுத் தடவினாள்.

"அடியில இன்னும் வழுவழுங்குது. தேய்ங்க."